பேண்டேஜ் நெய்பவருக்குச் சங்கம் உண்டு, கட்டுப் போடுபவருக்கு?

இராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யனாபுரம் ஊர்களில் விசைத்தறிகள் நெய்வது பெரும்பாலும் சேலையல்ல, பேண்டேஜ் துணி. கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நிற்பதும், தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் உற்பத்தியாளர்களும் சங்கத்தாரும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுவதும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் செய்தித்தாள் வாசிப்பவர்களுக்குப் பழகிய சங்கதி. கேட்டது முழுசாகக் கிடைக்காமல் போகலாம். ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அந்தத் துணியைக் கொண்டுபோய் வெள்ளத்திலும் போரிலும் அடிபட்டவருக்குக் கட்டுப் போடும் நிவாரணப் பணியாளருக்கு அப்படி ஓர் இடம் உண்டா? எந்த நாட்டில், எந்த ஒப்பந்தத்தில், எந்தப் படியில் அவர் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது அது. மேல்படியில் இருப்பவருக்கு உண்டு. கீழே இறங்க இறங்க இல்லாமல் போகிறது.

மேல்படியிலிருந்தே தொடங்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் மீது எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. 1946-ல் வந்த உடன்படிக்கை அந்த விலக்கைக் கொடுத்தது; இந்தியா 1947-லேயே தனிச் சட்டம் போட்டு அதை ஏற்றுக்கொண்டது. நாட்டுக்கு நாடு வழக்கு முளைத்தால் வேலை நடக்காது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் அங்கே வேலை பார்ப்பவருக்கு இதன் பொருள் வேறு: வேலையை விட்டு நீக்கினால் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றமும் கிடையாது, நியூயார்க் நீதிமன்றமும் கிடையாது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஊழியர் சங்கங்களும் உள் தீர்ப்பாயங்களும் வந்தன. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயத்துக்கு ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கம் 1927-ல் தொடங்கிய தீர்ப்பாயம்தான் வேர். பல அமைப்புகளின் ஊழியர் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு 1952-ல் உருவானது. ஐ.நா.வில் இப்போதுள்ள இரண்டடுக்குத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது.

இவையெல்லாம் பேருக்கு இருக்கிறவை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1950-களின் தொடக்கத்தில், செனட் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த அமெரிக்க ஊழியர்களை ஐ.நா. வேலையிலிருந்து நீக்கியது. அவர்களில் சிலருக்கு இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பொதுச் சபை அந்தப் பணத்தைத் தர மறுக்கலாமா என்ற கேள்வி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போனது. மறுக்க முடியாது என்று 1954 ஜூலையில் அந்த நீதிமன்றம் கருத்துச் சொன்னது. தன் ஊழியருக்கு நீதி வழங்க ஒரு மன்றத்தை வைத்துவிட்டு, அதன் தீர்ப்பை நீயே தூக்கி எறியக் கூடாது என்பதுதான் சாரம். முதலாளி எவ்வளவு பெரியவரானாலும் பொருந்துகிற நியாயம்.

இனிக் கீழே இறங்குவோம். சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததை ஒட்டி, தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-ல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களில் நம் மாவட்டமும் ஒன்று. பிறகு 2000-களில், இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் பணம் போட, சர்வதேச தொழிலாளர் அமைப்பு 'இண்டஸ்' என்ற திட்டத்தை இங்கே நடத்தியது. ஜெனீவாவில் உள்ள அந்த அமைப்பின் ஊழியர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சங்கம் உண்டு. அதே திட்டத்தின் பேரில் இங்கே சிறப்புப் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியை அந்தச் சங்கத்தில் சேர முடியாது. அவர் அந்த அமைப்பின் ஊழியரே அல்ல. திட்டத்தின் பணியாளர், வாங்கியது சம்பளமும் அல்ல, மதிப்பூதியம். தொழிலாளர் உரிமைக்காகவே இருக்கிற உலக அமைப்பின் திட்டத்திலேயே இந்த நிலை என்றால் மற்றவற்றைப் பற்றிக் கேட்க வேண்டாம். குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021 ஏப்ரலில் கல்வித் துறையின் சமக்ர சிக்‌ஷாவோடு இணைக்கப்பட்டது. தனித் திட்டமாக அது முடிந்தது.

இந்தப் படிநிலை உயிரையே வாங்கிய இடம் ஈழத்தில் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 4 அன்று திருகோணமலை மாவட்டத்தின் மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிவாரண அமைப்பின் அலுவலக வளாகத்திலேயே 17 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியில் எல்லாம் இழந்த மக்களுக்குத் தண்ணீர் வசதி செய்துகொடுக்கப் போனவர்கள். 17 பேரும் உள்நாட்டவர். அரசுப் படைகளே பொறுப்பு என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது, அரசு மறுத்தது, இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. உலகம் முழுக்கவும் ஒவ்வோராண்டும் கொல்லப்படும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பான்மையினர் உள்நாட்டவர்தான். ஆபத்தான ஊருக்கு யார் போவது, எப்போது திரும்புவது, மறுத்தால் வேலை போகுமா என்பதையெல்லாம் தலைமையகம் மட்டும் முடிவு செய்யக் கூடாது. சங்கம் எதற்கு என்று கேட்பவருக்கு என் முதல் பதில் சம்பளமல்ல, மூதூர்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் முன்னின்று எழுதிய ஏழு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு, 'தொழில்' என்ற சொல்லுக்கு மிக விரிந்த பொருள் தந்தது. முதலாளியின் நோக்கம் தர்மமா லாபமா என்பது முக்கியமில்லை. ஆள் வைத்து முறையாக வேலை வாங்கினால் பெரும்பாலும் அது தொழில்தான் என்றது. தொண்டு நிறுவனங்களில் பலவும் இதற்குள் வந்தன. 1982-ல் நாடாளுமன்றம் அவற்றை வெளியே எடுக்கச் சட்டத்தைத் திருத்தியது; ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கே வரவில்லை. அப்போது வராதது இப்போது வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப்பணி செய்யும் அமைப்புகளின் நிறுவனங்களை 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. தொழில் இல்லையென்றால் தொழில் தகராறு இல்லை. தொழில் தகராறு இல்லையென்றால் சத்திரப்பட்டித் தறிக்காரருக்குக் கிடைக்கிற சமரசப் பேச்சும் இல்லை. இது தவறு என்றே நினைக்கிறேன். நோக்கம் புண்ணியமானது என்பதற்காக மாதச் சம்பளம் வாங்குபவரின் வீட்டு வாடகை குறைந்துவிடுவதில்லை.

பணம் வரும் வழியும் சுருங்கிவிட்டது. வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020-ல் கொண்டுவந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறக்கியது. பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தருவதையும் தடை செய்தது. சிற்றூர் அமைப்புகள் பல அந்தக் கைமாற்றில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் மேலே 2025-ல் அமெரிக்க அரசின் உதவி முகமை யு.எஸ்.எய்டே மூடப்பட்டது. அதன் அமெரிக்க ஊழியர்களுக்காக இரண்டு சங்கங்கள் பிப்ரவரியிலேயே வாஷிங்டனில் வழக்குப் போட்டன. சில நாள் தடை வாங்கின, கடைசியில் முகமையைக் காப்பாற்ற முடியவில்லை. தோற்றாலும் அவர்கள் பேரில் வாதாட ஆள் இருந்தது. அந்தப் பணத்தை நம்பி வேறு நாடுகளில் களத்தில் நின்றவர்களுக்கு வந்ததோ, 'வேலையை நிறுத்திவையுங்கள்' என்ற கடிதம்தான்.

சங்கம் வைத்தால் சேவை கெடும் என்ற வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமையில் வேலை பார்ப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே அகதிகள். அவர்களுக்கு வலுவான சங்கங்கள் உண்டு. 2023-ல் மேற்குக் கரையில் சம்பளத்துக்காக அவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது மூடிக்கிடந்தவை அகதிப் பிள்ளைகளின் பள்ளிகள். நோகிறவர் கொடையாளி அல்ல, வரிசையில் நிற்பவர். ஆனால் இதற்கு மருந்து சங்கத்தைத் தடுப்பதல்ல. வேலைநிறுத்தம் வரை போக விடாமல் முன்கூட்டியே பேசுவது. பேச எதிரே ஆள் வேண்டும். அதற்கும் சங்கம்தான் வேண்டும். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோதும் ஆலை முதலாளிகள் சங்கமே கூடாது என்றார்கள். அதன் தலைவர்கள் மேல் ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம் போட்ட வழக்கின் விளைவாகவே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு இன்றைக்கு என்ன மிச்சம்? சில இருக்கின்றன. சங்கம் சேரும் உரிமை அரசியலமைப்பின் 19-வது பிரிவில் உள்ளது. தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய முடியாவிட்டாலும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்து நலச் சங்கம் தொடங்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப். கட்ட வேண்டும்; தர்ம நிறுவனம் என்று தட்டிக்கழிக்க முடியாது. பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம், 2013 தொண்டு நிறுவனங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பத்துப் பேர் இருந்தாலே உள் குழு அமைக்க வேண்டும், பத்துக்குக் குறைவென்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். நியமனக் கடிதம், ஒவ்வொரு நீட்டிப்புக் கடிதம், சம்பளம் வந்த வங்கிப் பதிவு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். திட்டம் முடிந்த மறுநாள் அலுவலகம் இருக்காது. உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.