திரைக்கு அப்பால் இருப்பவர் யார்?

வெளிநோயாளர் பிரிவுக்கு நீங்கள் நேரில் வரும்போது, மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்; சீட்டிலுள்ள பெயரையும் வயதையும் சரிபார்த்த பின்னரே மருந்து எழுதுகிறார். வீட்டிலிருந்தபடி காணொளி வழியாக ஆலோசனை பெறும்போது, இதே பணியைக் கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் செய்கின்றன. "ஒவ்வொரு முறையும் இது எதற்கு?" என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் மறுமொழி.

கணவன், மனைவி இருவருக்கும் இரத்த அழுத்தம் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கருவி ஒன்று, கணக்கும் ஒன்று. கணவரின் உயர்ந்த அளவு மனைவியின் பதிவில் சேர்ந்துவிட்டால், மருத்துவர் அவருக்கு மருந்தின் அளவைக் கூட்ட நேரிடும். அழுத்தம் சீராக உள்ளவருக்கு அது தலைசுற்றலையும் மயங்கி விழும் ஆபத்தையும் தரும். இன்சுலின் எடுத்துக்கொள்பவரிடம் இத்தகைய குழப்பம் உயிருக்கே கேடாகலாம். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். கருவியில் இருவருக்கான பொத்தான்கள் இருந்தால் அவற்றைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

கடவுச்சொல் நீங்கள் அறிந்தது. கைப்பேசி உங்களிடம் இருப்பது. ஒன்று பிறர் கைக்குப் போனாலும் மற்றொன்று காவல் நிற்கும். அதனால்தான் இரண்டையும் கேட்கிறோம். விரல்ரேகை முதுமையாலும் நெடுநாள் உடலுழைப்பாலும் தேய்வதுண்டு. கருவி அதை ஏற்க மறுத்தால் வருந்த வேண்டாம், மாற்றுவழி கேளுங்கள்.

தாய் ஊரில் இருக்க, பதிவு செய்த எண் வெளியூரிலுள்ள மகனிடம் இருக்கும் குடும்பங்கள் பல. அவர் கூட்டத்தில் இருக்கும் வேளையில் ஓடிபி வந்தால் தாயின் ஆலோசனை தடைப்படுகிறது. கடவுச்சொல்லை அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைப்பது இதற்குத் தீர்வாகாது. தாயின் எண்ணையே பதிவு செய்து, மகனைப் பராமரிப்பாளராக முறைப்படி சேர்ப்பதே நல்லது. 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நோயாளரின் சார்பில் பராமரிப்பாளர் பேசுவதற்கு இடமளிக்கின்றன. ஆனால் அவர் யார் என்பதும் அவருக்குள்ள ஒப்புதலும் உறுதியாக வேண்டும்.

அடையாளம் காட்ட வேண்டியவர் நோயாளர் மட்டும் அல்லர். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்றே அவ்வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. எனவே மருத்துவரின் பெயரையும், மாநில மருத்துவக் கழகம் அவருக்கு வழங்கிய பதிவு எண்ணையும் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். மருந்துச் சீட்டிலும் அந்த எண் இருக்க வேண்டும். மாறாக, மருத்துவமனையின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் ஓடிபி கேட்பவரிடம் அதைச் சொல்லாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் நோயாளர் அட்டையிலுள்ள எண்ணில் விசாரியுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கைப்பேசி எண் மாறினால், அடுத்த ஆலோசனைக்கு முன்பே பதிவுப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் போன்றவை தோன்றினால் எந்த ஓடிபிக்காகவும் காத்திருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.