வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?



ராத்திரி நன்றாகத்தான் படுத்திருப்பீர்கள். விடியும்போது கால் பெருவிரல் செக்கச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். பிரட்டுக்கு எப்படிப் போவது? குலை வெட்டுகிறவருக்கு அன்றைய கூலி போயிற்று. இதுதான் கௌட். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, ஊசி ஊசியாய் மூட்டில் படிவதால் வருகிறது. ஜெராம் கடற்கரை கெராங், இறால் மீது மட்டும் பழி போடாதீர்கள். பீர், சம்சு, இனிப்புப் பானம், சிறுநீரகக் கோளாறு, பரம்பரை எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

மருந்து இரண்டு வகை. வந்த வலியை அடக்குவது ஒன்று. அதில் முக்கியமானது கொல்சிசின். நம் கார்த்திகைப் பூ, அதாவது செங்காந்தளில் உள்ள அதே நஞ்சுதான். திண்டுக்கல், கரூர் பக்கம் இதன் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அளவு மிஞ்சினால் ஆளையே கொல்லும். வலி தொடங்கிய அன்றே, டாக்டர் சொன்ன அளவு மட்டும் போடுங்கள். குறைந்த அளவே போதும் என்று 2010-இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்களுக்கு ஆகாது.

மற்றொன்று அல்லோபுரினால். 1988-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் இருவரும் உருவாக்கியது. இது வலியை நிறுத்தாது. யூரிக் அமிலம் உண்டாவதைக் குறைக்கும். பெரும்பாலும் 100 மில்லிகிராமில் தொடங்கி, இரத்தம் சோதித்து, 360-க்குக் கீழே வரும்வரை கூட்டுவார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில் மறுபடியும் வலி வரலாம். "மாத்திரை போட்டுத்தான் வலி வந்துச்சு" என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உண்மையில், படிந்தது கரையும்போது வருகிற வலி அது. அதற்காகத்தான் கொல்சிசினையும் சிறு அளவில் சில மாதம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வலி வந்தாலும் அல்லோபுரினாலை நிறுத்தாதீர்கள். வலி போனாலும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அமிலம் பழையபடி ஏறும்.

ஒரே ஒரு விலக்கு. உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு ஏதாவது தோன்றினால் அந்த நிமிடமே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் இரண்டு மாதம் அதிகக் கவனம் தேவை. அபூர்வந்தான், ஆனால் உயிரைப் பறிக்கும்.

பசார் மாலாமில் "ஒரே நாளில் குணம்" என்று விற்கும் பொட்டலத்தை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும்போது பிரஷர் மாத்திரையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் சில மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும்.