காப்பாற்றிய கைகளை யார் எழுதி வைத்தார்?

2009 மே மாதம் நந்திக்கடலைக் கடந்தபோது நடுவழியில் என் கால் நிலை தவறியது. தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது. "தங்கச்சி, என்ர தோளைப் பிடி" என்றார் பக்கத்தில் வந்த ஒருவர். என்னைக் கரையில் விட்டதும் அவர் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினார். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றியவருக்குப் பதக்கம் வழங்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அண்மையில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த மனிதரின் நினைவுதான் வந்துகொண்டிருந்தது.

1774 இல் வில்லியம் ஹோவ்ஸ், தோமஸ் கோகன் என்ற இரு மருத்துவர்கள் இலண்டனில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். ரோயல் ஹியூமேன் சொசைட்டி என்று பின்னர் பெயர் பெற்றது அதுதான். தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவர் மூச்சில்லாமல் கிடந்தாலும் உடனே முயன்றால் பிழைக்க வைக்கலாம் என்று அவர்கள் நம்பினார்கள். முயன்றவர்களுக்கு முதலில் பணம் கொடுத்தார்கள். ஆனால், சிலர் மூழ்கியதுபோல நடித்து, "காப்பாற்றியவரோடு" பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆகவே காலப்போக்கில் பணத்தின் இடத்தைப் பதக்கமும் சான்றிதழும் பிடித்தன. அணைந்த பந்தத்தை ஒரு சிறுவன் ஊதுவதுதான் அந்தப் பதக்கத்தில் உள்ள உருவம். சிறு பொறியொன்று இன்னும் மறைந்திருக்கக்கூடும் என்பது அதிலுள்ள இலத்தீன் வாசகத்தின் பொருள்.

விக்டோரியா மகாராணி காலத்தில் இந்த வழக்கம் பரவலானது. 1838 இல் 'போர்ஃபர்ஷயர்' என்ற கப்பல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உடைந்தபோது, வெளிச்சவீட்டுக் காவலாளியின் மகள் கிரேஸ் டார்லிங் தந்தையோடு வள்ளம் வலித்துச் சென்று உயிர் தப்பியவர்களை மீட்டார். அப்போது அவருக்கு 22 வயது. இருவருக்கும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 1866 இல், மறைந்த தன் கணவரின் பெயரில் அல்பேர்ட் பதக்கத்தை மகாராணி ஏற்படுத்தினார். முதலில் அது கடலில் உயிர் காத்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1877 இல் தரையில் உயிர் காத்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு விடயம். ஹியூமேன் சொசைட்டியின் பதக்கம் இரண்டு வகையாக இருந்தது. ஒன்று காப்பாற்றியவருக்கு. மற்றது, தன் உயிரைப் பணயம் வைத்தும் காப்பாற்ற முடியாமல் போனவருக்கு. முயற்சி தோற்றாலும் அதையும் மதித்து எழுதி வைத்தார்கள்.

இந்தியாவில் 1961 முதல் ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கப்படுகிறது. 2020 இல் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்தில் நீர்த்தேக்கமொன்றில் மூழ்கிய இளைஞர்களை நோக்கி மூன்று பெண்கள் தாங்கள் உடுத்திருந்த சேலைகளைக் கழற்றி வீசினார்கள். இருவர் பிழைத்தார்கள், இருவர் இறந்துபோனார்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருதை வழங்கியது.

எங்களிடம் என்ன இருக்கிறது? 2004 டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருந்தார்கள். கிளாலிக் கடலில் வள்ளம் ஓட்டியவர்கள் இருந்தார்கள். நந்திக்கடலில் தோள் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களையே முழுமையாக எழுதி முடிக்காத எங்களுக்கு, இவர்களை எழுத நேரம் கிடைக்கவில்லை. பிடித்த கை நழுவிப்போனதை வெளியே சொல்லாமல் இன்றும் குற்ற உணர்வோடு வாழ்பவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது வகைப் பதக்கம் அவர்களுக்கும் உரியது.

பதக்கம் யாரும் தராவிட்டாலும் பரவாயில்லை. ஊர் நூலகத்தில் ஒரு கொப்பி போதும். நாள், இடம், யார் யாரைத் தூக்கினார், யாரைத் தூக்க முடியவில்லை என்று எழுதலாம். பெயர் தெரியாவிட்டால் தெரிந்த அடையாளத்தை எழுதலாம். நான் எழுதத் தொடங்கிவிட்டேன்: "நந்திக்கடல், 2009 மே. நீலச் சாரம் கட்டியிருந்தார். என்னைக் கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்."