முதியோர் இல்லத்திற் குடிபுகுதல்

புதுமனை ஒன்றிற் குடிபுகுதல் தமிழர் வாழ்விலே மங்கலமான நிகழ்ச்சியாகும். நல்ல நாள் பார்ப்பர், நிறைகுடம் வைப்பர், பால் காய்ச்சுவர், சுற்றத்தாரை அழைப்பர். ஆனால் மனிதர் ஒருவர் தமது கடைசி மனையிற் குடிபுகும் வேளையில் மட்டும் நாள் பார்ப்பாருமில்லை, பால் காய்ச்சுவாருமில்லை, பல வேளைகளில் அவருடைய விருப்பத்தைக் கேட்பாருமில்லை. முதியோர் இல்லத்திற்கு ஒருவர் செல்வதை “கொண்டுபோய் விட்டார்கள்” என்றே ஊரார் பேசுவர். இவ்வாக்கியத்திலே செல்பவர் எழுவாயாக இல்லை, செயப்படுபொருளாகவே இருக்கின்றார். அவரை மீண்டும் எழுவாயாக்குவது எங்ஙனம் என்பதே ஈண்டு சிந்தித்தற்குரியது.

இத்தகைய இல்லங்கள் பெருகுவதற்குப் பிள்ளைகளின் மனம் கல்லாகிவிட்டமையே காரணம் எனச் சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. இலங்கையில் 1946ஆம் ஆண்டில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த இறப்பு வீதம், மலேரியா ஒழிப்பும் வைத்திய வசதிகளின் வளர்ச்சியும் காரணமாக 1947இல் ஏறக்குறைய 14 ஆகக் குறைந்தது. அக்காலத்திற் சாவினின்றும் தப்பிய குழந்தைகளே இன்று எண்பது வயதை ஒட்டி நிற்கும் முதியோர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் நாட்டு மக்களுள் 12.4 வீதத்தினராயினர். ஆயுள் நீண்டது, குடும்பமோ சிறுத்தது. எட்டுப் பிள்ளைகள் பிறந்த வீட்டிலே ஒருவராவது பெற்றோருடன் தங்கினர். இரண்டு பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒருவர் கனடாவிலும் மற்றவர் கொழும்பிலும் தொழில் புரிகின்றனர். 1983ஆம் ஆண்டின் பின் மூண்ட போர் இச்சிதறலைப் பன்மடங்காக்கியது.

வீடின்றி முதுமையுற்றோரைப் பேணும் அறமும் புதியதன்று. 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பிரித்தானிப் பகுதியிலே ஜான் ஜுகான் என்னும் பெண்மணி, பார்வையிழந்த மூதாட்டி ஒருவரை அழைத்துவந்து தமது கட்டிலையே அவருக்கு அளித்தார். அச்செயலிலிருந்து தோன்றிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை பின்னர் கொழும்பிலும் இல்லம் அமைத்துத் தொண்டாற்றலாயிற்று. யாழ்ப்பாணத்துக் கைதடியிலே அரசினர் முதியோர் இல்லம் ஒன்று உண்டு. இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது எனப் பிள்ளைகளைப் பணிக்கின்றது. பிள்ளைகள் அற்ற, அல்லது அவர்களாற் கைவிடப்பட்ட வறிய முதியோர்க்கு உறைவிடம் அளிக்கும் பொறுப்பை அரசின் மேற் சுமத்துகின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறுவதற்குப் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். எனவே இல்லம் என்பது பிள்ளையின் கடமை முடிவடையும் இடமன்று. கடமை வேறொரு வடிவம் கொள்ளும் இடமேயாகும்.

வலிகாமத்து மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது எண்பதைக் கடந்துவிட்டது. கணவர் இல்லை. கிணற்றடியில் ஒருமுறை வழுக்கி விழுந்தபின் தனியே இருத்தல் ஆபத்து என வைத்தியர் கூறிவிட்டார். மகள் தொலைபேசியில், “அம்மா, அங்கை உங்களுக்கு ஒரு குறையும் இராது” என்கிறாள். தாயோ, “எனக்கு இஞ்சை என்ன குறை, பிள்ளை?” என்று கேட்கின்றார். மகள் பேசுவது பாதுகாப்பைப் பற்றி. தாய் பேசுவது உரிமையைப் பற்றி. இருவரும் பொய் பேசவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களைத் துறந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது இம்மூதாட்டியும் ஒரு மூட்டையுடன் நடந்தவர். இடம்பெயர்தல் இன்னதென்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அன்று புறப்படுக என ஆணை பிறந்தது. எவரும் அவரைக் கேட்கவில்லை. இன்றும் கேளாது வாகனத்தில் ஏற்றினால், அது அவருக்கு இரண்டாம் இடம்பெயர்வாகவே முடியும். கேட்டு, காட்டி, இசைவு பெற்று அழைத்துச் சென்றால் அது குடிபுகுதலாகும்.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. 1976ஆம் ஆண்டில் எலன் லாங்கர், யூடித் ரோடின் என்னும் உளவியலாளர் இருவர் அமெரிக்காவிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் நிகழ்த்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். ஒரு மாடியிலிருந்த முதியோரிடம், அறையை ஒழுங்கு செய்வதும் பொழுதைக் கழிப்பதும் அவரவர் தீர்மானத்திற்குரியன என்று கூறி, ஒரு செடியைத் தாமே தெரிந்தெடுத்து வளர்க்கவும் விட்டனர். மற்றொரு மாடியிலிருந்தோர்க்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் அதற்கு நீரூற்றுவது பணியாளர் வேலையாயிற்று. சில வாரங்களின் பின் நோக்கியபோது, முதற்பிரிவினரே கூடிய ஊக்கமும் விழிப்பும் உடையவராய்க் காணப்பட்டனர். வட அமெரிக்கத் தாதியர் 1992ஆம் ஆண்டிலே, இடமாற்றத்தால் உண்டாகும் மனத்தளர்ச்சியைத் தமது நோயறிதற் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டனர். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, தடுமாற்றம் ஆகியன அதன் குறிகள். இவற்றை முதுமையின் பிடிவாதம் என்று தள்ளிவிடுதல் தவறு.

ஆகவே குடிபுகுமுன் ஆற்றவேண்டியவை சில உள. முதலாவதாக, செல்லவிருப்பவரே இல்லத்தை நேரிற் பார்த்தல் வேண்டும். இயலுமாயின் சில நாட்கள் தங்கிப் பார்த்தல் நன்று. வரவேற்பறையைப் பார்த்துத் திருப்தியடையாது, குளியலறையைப் பார்த்தல் வேண்டும்: நிலம் வழுக்குமா, பிடித்தெழக் கைபிடி உண்டா, இரவிற் கூப்பிட்டால் வருவார் உளரா என்பன அறியத்தக்கவை. மரக்கறி உணவினர்க்குத் தனிச் சமையல் உண்டா, வழிபாட்டிற்கு வசதி உண்டா, தமது மொழியிற் பேசுவார் இருக்கின்றனரா என்பனவும் கேட்டற்குரியன. அங்கு முன்னரே வாழ்வோருடன், பொறுப்பாளர் அருகில் இல்லாத வேளையில், சிறிது நேரம் பேசினால் பல உண்மைகள் புலனாகும். இல்லம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை அலுவலரிடம் விசாரித்தறிதலும் நன்று.

இரண்டாவது, பொருள் பற்றியது. தேசவழமை வழங்கும் யாழ்ப்பாணத்திலே, வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதும் பெற்றோர் தமது சீவிய உரித்தை உறுதியில் ஒதுக்கி வைப்பது வழக்கம். முதியவர் வேறிடத்திற் சென்று வாழ்வதனால் மட்டும் அவ்வுரித்து அற்றுப்போவதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டால் அவ்வருமானம் அவருக்கே உரியது. அவ்வுரித்தை விட்டுக்கொடுப்பதாயின் நொத்தாரிசு முன்னிலையிலே உறுதி முடித்தல் வேண்டும். ஆதலால் புறப்படும் அவசரத்தில், வாசித்துக் காட்டாத எந்தத் தாளிலும் அவர் கையொப்பமிடுதல் ஆகாது. ஓய்வூதியப் புத்தகமும் வங்கிப் புத்தகமும் யாரிடம் இருக்கும் என்பதையும் அவரே தீர்மானித்தல் வேண்டும். கையிலே சொந்தமாகச் சிறிது பணம் இருப்பது, பேரப்பிள்ளைக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்கும் பெருமையை அவருக்கு மிச்சமாக்கும்.

மூன்றாவது, உடன் கொண்டுசெல்லும் பொருள்கள். புதிய சேலைகளும் புதிய பாத்திரங்களும் வாங்கிக் கொடுத்து, பழையனவற்றை எறிந்துவிடுதல் பிள்ளைகள் அன்பினாற் செய்யும் பிழை. தேய்ந்த பாக்குவெட்டி, கணவரின் படம், இருபது ஆண்டு பழகிய தலையணை ஆகியவை பிறர்க்குப் பழம்பொருள்கள். அவருக்கோ நினைவின் ஊன்றுகோல்கள். எதைக் கொண்டுசெல்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் வாய்மொழியாகவே தீர்த்தல் வேண்டும்.

குடிபுகுந்தபின் முதற் சில வாரங்களே கடினமானவை. பிள்ளைகள் முதல்நாள் கூட்டமாக வந்து, பின் மூன்று மாதம் வராதிருப்பதினும், ஒருவர் குறித்த கிழமையிற் குறித்த நேரத்தில் வருதல் பெரும்பயன் தரும். எதிர்பார்க்கத்தக்க வருகையே ஆறுதலாகும். கடல்கடந்து வாழ்வோர் தொலைபேசிக்கும் அவ்வாறே நாள் குறித்தல் நன்று. திருவிழாவிற்கும் நன்மை தீமைகளுக்கும் அவரை ஊருக்கு அழைத்துவருதல் வேண்டும். இல்லத்தில் இருப்பவர் ஊரிலிருந்து நீக்கப்பட்டவர் அல்லர்.

பேசத் தயங்கும் விடயமொன்றும் உண்டு. தமக்கு இறுதிக் கடமை செய்வார் யார், எந்த வீட்டு முற்றத்திலிருந்து தம்மை எடுப்பார்கள் என்ற கவலை பல முதியோர் நெஞ்சிலே ஊமையாகக் கிடக்கின்றது. பிள்ளைகள் அதைக் கேட்பது அமங்கலமன்று. கேட்டு, விடையை இல்லத்தாரிடமும் உறவினரிடமும் அறிவித்து வைத்தால், அம்முதியவர் அன்றிரவே நிம்மதியாக உறங்குவார்.

அவ்வலிகாமத்து மூதாட்டி இறுதியில் இசைந்தால், நல்ல நாள் ஒன்றை அவரே குறிக்கட்டும். வீட்டு முற்றத்துத் துளசியில் ஒரு கன்றை அவரே தெரிந்தெடுத்து, ஒரு சாடியில் நட்டு எடுத்துச் செல்லட்டும். புதிய அறையின் வாசலில் அதனை வைத்து, அதற்கு நீரூற்றும் வேலையை வேறெவரும் செய்யாது அவருக்கே விட்டுவிடுக. இயலுமாயின் அன்று அங்கே சிறிது பாலும் காய்ச்சுக. அப்பொழுது ஊரார் “கொண்டுபோய் விட்டார்கள்” என்று சொல்லார். “அவர் குடிபுகுந்தார்” என்றே சொல்வர்.