இலைவழி ஊட்டம்: நலிந்த செடியை மீட்கும் முறை

இலைவழி ஊட்டம் என்பது உரத்தை மண்ணில் இடாமல், நீரில் மிகக் குறைந்த அளவில் கரைத்து இலைகளின் மேல் தெளிக்கும் முறையாகும். வேர்கள் ஏதோ ஒரு காரணத்தால் சத்தை எடுக்க முடியாத நிலையில், செடியைக் குறுகிய காலத்துக்குத் தாங்கிப் பிடிக்க இம்முறை உதவுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி வயல்களிலும், சேலம் மாநகரின் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற குடியிருப்புகளில் மாடி, முற்றம், வீட்டு அறைகளில் வளரும் தொட்டிச் செடிகளிலும் இதன் பயனையும் வரம்பையும் ஒருசேரக் காணலாம்.

வரலாறு

1840களில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த யூசெப் கிரீ என்பவர், வெளிறிப்போன இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் அவை மீண்டும் பச்சையாவதைக் காட்டினார். இலையும் சத்தை உள்வாங்கும் என்பதற்கு அது தொடக்கச் சான்று. 1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டூக்கி, விட்வர் ஆகிய ஆய்வாளர்கள் கதிரியக்கத் தனிமங்களைப் பயன்படுத்தி, இலையில் இட்ட சத்து செடிக்குள் எங்கெங்கு செல்கிறது என்பதைத் தடம் பார்த்தனர்.

இலை சத்தை எடுக்கும் விதம்

இலையின் மேற்பரப்பை மெழுகு கலந்த மெல்லிய தோல் மூடியிருக்கிறது. நீர் வெளியேறாமல் காப்பதே அதன் வேலை. ஆனாலும் அதிலுள்ள மிக நுண்ணிய வழிகள் மூலமும், இலைத்துளைகளின் ஓரமாகவும் கரைந்த உப்புகள் சிறிதளவு உள்ளே செல்கின்றன. துளி ஈரமாக இருக்கும் வரைதான் இது வேகமாக நடக்கும். துளி காய்ந்துவிட்டால் உப்பு இலைமேல் படிவாக நின்றுவிடும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் தெளிக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

உள்ளே சென்ற எல்லாச் சத்தும் ஒரே மாதிரி நகர்வதில்லை. தழைச்சத்தும் சாம்பல் சத்தும் ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்கு எளிதில் செல்லும். இரும்பு குறைவாகவே நகரும். சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய நகராது. எனவே இரும்பைத் தெளித்தபின் தோன்றும் புதிய தளிர்களுக்கு மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும்.

சேலம், நாமக்கல் சமவெளியின் சிக்கல்

இப்பகுதியின் செம்மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. கிணறு, ஆழ்துளைக் கிணறுகளின் நீரும் பல ஊர்களில் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கொண்டது. கார மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் அவை கரையாத வடிவில் பூட்டிக் கிடக்கும், வேருக்குக் கிடைக்காது. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் எரு இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அது நல்ல எருவே. ஆனால் மணிச்சத்து மிகுந்தது. அளவுக்கு மீறி ஆண்டுதோறும் இட்டால் மண்ணில் மணிச்சத்து கூடி, துத்தநாகம் எடுப்பதைத் தடுக்கும்.

இதன் விளைவை மரவள்ளியில் தெளிவாகப் பார்க்கலாம். இரும்புக் குறைவில் நுனியிலுள்ள இளம் இலைகள் முதலில் மஞ்சளாகி, முற்றினால் வெளுத்துப் போகும். துத்தநாகக் குறைவில் இளம் இலைகள் சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கிடையே வெளிறிய புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். பச்சையம் குறைந்த இலை மாவுச்சத்தைக் குறைவாகவே உருவாக்கும். மரவள்ளிக் கிழங்குக்கு ஆலைகளில் மாவுச்சத்தின் புள்ளி பார்த்தே விலை வைக்கப்படுகிறது. ஆகவே இலையின் மஞ்சள் நேராக விவசாயியின் வருமானத்தைத் தொடுகிறது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியும் இந்தக் கிழங்கையே நம்பியிருக்கிறது.

முதலில் காரணம் அறிதல்

மஞ்சளான எல்லா இலைக்கும் உரம் மருந்தாகாது. தெளிப்பதற்கு முன் எந்த இலை, எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

- அடி இலைகள் முழுதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு.
- அடி இலைகளில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியக் குறைவு.
- அடி இலைகளின் ஓரம் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு அல்லது உப்பு மிகுதி.
- நுனி இலைகள் மஞ்சளானால் இரும்புக் குறைவு.
- இலையில் ஒழுங்கற்ற மஞ்சள், பச்சைத் திட்டுகளும் நெளிவும் இருந்தால் மரவள்ளியில் அது தேமல் நோயாக இருக்கலாம். வெள்ளை ஈயும் நோயுற்ற விதைக்கரணையும் பரப்பும் இந்த வைரசு நோயை எந்த உரத் தெளிப்பும் குணப்படுத்தாது.
- நுனி கொத்தாகச் சுருண்டு வெண்ணிறப் பூச்சி தெரிந்தால் மாவுப்பூச்சி. 2020க்குப் பின் மரவள்ளியைத் தாக்கிய மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. அங்கே தீர்வாக வந்தது குளவி. சத்துக் கரைசல் அன்று.

ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. வெளிறிய இளம் இலையின் ஒரு பாதியில் மட்டும் மிக நீர்த்த அன்னபேதிக் கரைசலைத் தூரிகையால் தடவ வேண்டும். சில நாள்களில் தடவிய பாதி மட்டும் பச்சையானால் குறை இரும்புதான். கிரீ செய்ததும் ஏறத்தாழ இதே சோதனைதான்.

கரைசல்களும் அளவுகளும்

1 சதவீதக் கரைசல் என்பது ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம். வயல் பயிருக்கு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் கரைசல் தேவைப்படும்.

*இரும்பு:* அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட் 0.5 முதல் 1 சதவீதம். லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் இரும்பு விரைவில் துருவாக மாறாது. கரைசல் துரு நிறமாகிவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. சுவரிலும் தரையிலும் பட்டால் கறை நிற்கும்.

*துத்தநாகம்:* துத்தநாக சல்பேட் 0.5 சதவீதம். இலை கருகாமலிருக்க, அதில் பாதியளவு நீர்த்த சுண்ணாம்பு சேர்ப்பது பழைய முறை.

*தழைச்சத்து:* யூரியா 1 சதவீதம். இலை வேகமாக எடுத்துக்கொள்ளும் சத்து இது.

*மணிச்சத்து:* பயறு வகைகளுக்குப் பூக்கும் தருணத்திலும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. தெளிப்பது தமிழகத்தில் பரவலான பரிந்துரை. ஏக்கருக்கு 4 கிலோ உரத்தை 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்க வேண்டும்.

*பஞ்சகவ்யா:* இயற்கை வேளாண்மையில் 3 சதவீதம், அதாவது 10 லிட்டருக்கு 300 மில்லி.

துத்தநாக சல்பேட்டையும் டி.ஏ.பி.யையும் ஒரே டேங்கில் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத படிவாகி அடியில் தங்கிவிடும். இரும்பு, துத்தநாகத் தெளிப்பை 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை செய்வது வழக்கம்.

வீட்டுத் தொட்டிச் செடிகள்

ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் கறிவேப்பிலை, இட்லிப்பூ, செம்பருத்தி, ரோஜா ஆகியவற்றின் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக வெளிறுவது வழக்கமான காட்சி. அறைக்குள்ளும் நிழலிலும் வளரும் செடிகளுக்குச் சில தனிக் கவனங்கள் தேவை. நிழலில் வளர்ந்த இலையின் தோல் மெல்லியது. வயல் பயிருக்கான அளவு அதைக் கருக்கிவிடும். பாதி அளவில் தொடங்கி, இரண்டு மூன்று இலைகளில் தெளித்து நான்கைந்து நாள் பார்த்தபின் செடி முழுதும் தெளிக்க வேண்டும். காற்றோட்டமில்லாத அறையில் இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் பூஞ்சாணம் பிடிக்கும் என்பதால், செடியை வெளியே கொண்டுவந்து காலையில் தெளிப்பது நல்லது. மயிரடர்ந்த இலையுள்ள செடிகளுக்கு இம்முறை பொருந்தாது.

நலிந்த தொட்டிச் செடிகள் பலவற்றில் கோளாறு வேரிலேயே இருக்கும். அடித்துளை அடைபட்டு நீர் தேங்கினால் வேர் அழுகும். உரம் மிகுந்தால் மண்ணின் மேல் வெண்ணிற உப்புப் படரும். முதலாவதற்கு வடிகால் சரிசெய்து நீரைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு நல்ல நீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

எதை முதலில் செய்வது

வாடிய செடிக்குத்தான் உடனே தெளிக்கத் தோன்றும். ஆனால் நீரின்றி வாடிய இலை துளைகளை மூடிக்கொள்கிறது. அதன் மெழுகுத் தோலும் தடிக்கிறது. அப்போது தெளித்தால் சத்து உள்ளே போவது குறைவு, கருகுவது மிகுதி. ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் இது இன்னும் உறுதி. முதலில் வேருக்கு நீர், நிழல், வடிகால். செடி நிமிர்ந்த மறுநாள் தெளிப்பு என்பதே சரியான வரிசை.

வரம்பு

இலைவழி எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் 1 சதவீத யூரியாக் கரைசலில் 2 கிலோ யூரியா இருக்கும். அதில் தழைச்சத்து 920 கிராம். பாசன மரவள்ளிக்கான பரிந்துரை எக்டேருக்கு 90 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 36 கிலோ தழைச்சத்து. அதை இலைவழியே கொடுக்க ஏறத்தாழ 40 முறை தெளிக்க வேண்டும். ஆனால் அதே 200 லிட்டரில் 1 சதவீத அன்னபேதி கரைத்தால் சுமார் 400 கிராம் இரும்பு கிடைக்கிறது. சிறிதளவே தேவைப்படும் நுண்ணூட்டத்துக்கு அது பொருட்படுத்தத்தக்க அளவு. ஆகவே நுண்ணூட்டக் குறைவுக்கு இலைவழி ஊட்டம் சிறந்த வழி; தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு அது கைத்தாங்கல் மட்டுமே.

கருகிய பகுதி எந்தத் தெளிப்பாலும் மீளாது. செடி தேறுகிறதா என்பதைப் பழைய இலையில் தேடாமல், அடுத்து விடும் தளிரில் பார்க்க வேண்டும். இரண்டு தெளிப்புக்குப் பின்னும் தளிர் வெளிறியே வந்தால் மூன்றாவது புட்டி வாங்குவதற்கு முன் மண்ணையும் பாசன நீரையும் பரிசோதனைக்குக் கொடுப்பது செலவு குறைந்த வழி.