உஷார்! விமானக் கம்பனிப் பங்கை நம்பி ஓய்வுகாலப் பணத்தைப் போடாதீர்கள்

இறத்தோட்டையிலும் உக்குவளையிலும் எல்கடுவையிலும் ஓய்வுபெற்று சேமலாப நிதியைக் கையில் வாங்கியவர்களே, மிளகு விற்ற காசை வங்கியில் வைத்திருப்பவர்களே, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணத்தை எதிலாவது போடலாமென்று யோசிப்பவர்களே, இது உங்களுக்கான எச்சரிக்கை. "விமானக் கம்பனிப் பங்கு வாங்குங்கள், வருஷா வருஷம் பங்கிலாபம் வரும்" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் இதை முழுதாகப் படியுங்கள்.

ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2022இன் பிற்பகுதியில் நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்த வங்கிகள், 2025இல் அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை. அதே 2025இல் கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் முதல் தடவையாக 20,000 புள்ளிகளைக் கடந்தது. வட்டியை நம்பி மாதச் செலவை ஓட்டியவர்களின் கண் பங்குகளின் பக்கம் திரும்புவது இயற்கை. கட்டுநாயக்காவில் கூட்டத்தைப் பார்க்கிறோம், இருக்கை நிறைந்து விமானம் போவதைப் பார்க்கிறோம். இவ்வளவு கூட்டம் இருந்தால் இலாபமும் கொட்டத்தானே வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பிழை.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2025க்குப் போட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். உலக விமானக் கம்பனிகளுக்குப் பயணி ஒருவரால் மிஞ்சும் நிகர இலாபம் சுமார் 7 டொலர். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த ஒரு இலட்சத்தில் மீதியெல்லாம் எரிபொருளுக்கும், விமான வாடகைக்கும், பராமரிப்புக்கும், விமான நிலையக் கட்டணத்துக்கும், சம்பளத்துக்கும், கடன் வட்டிக்கும் போய்விடும். எல்லோரும் வாங்கிய பிறகு மிஞ்சுவதில்தான் பங்கிலாபம். அதாவது, பங்குதாரர் பந்தியின் கடைசி இலையில் இருப்பவர். முன்னால் இருப்பவர்களுக்கே சோறு போதாவிட்டால் அந்த இலைக்கு எதுவும் வராது.

இது தூரத்துக் கதையும் அல்ல. நீங்கள் அறியாமலே உங்கள் பணம் ஒரு தடவை விமானம் ஏறியிருக்கிறது.

எயார் லங்கா 1979இல் தொடங்கியது. 1998இல் எமிரேட்ஸ் நிறுவனம் அதில் பங்கு வாங்கி, பத்து வருட நிர்வாகப் பொறுப்பையும் ஏற்றது. பெயரும் ஸ்ரீலங்கன் என்று மாறியது. 2008இல் ஒப்பந்தம் முடிந்ததும் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது. 2010இல் தன் 43.63 சதவீதப் பங்கை ஏறத்தாழ 53 மில்லியன் டொலருக்கு அரசுக்கே கொடுத்துவிட்டு வெளியேறியது. விமானத் தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்த கம்பனி கையைக் கழுவிய அதே 2010இல், ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 50 கோடி ரூபாய் ஸ்ரீலங்கன் பங்குகளில் போடப்பட்டது.

யாருடைய பணம் அது? கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் உழைத்தவர்களின் சம்பளத்தில் பிடித்த 8 சதவீதமும், தொழில் கொடுப்பவர் சேர்த்த 12 சதவீதமும் சேரும் நிதி அது. நட்டம் மலையாகக் குவிந்த கம்பனியிலிருந்து அந்த நிதிக்குப் பங்கிலாபம் வரவில்லை. வரவும் முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி, இலாபம் இருந்தால்தான் பங்கிலாபம் கொடுக்கலாம். கொடுத்த பிறகும் கடன்களைத் தீர்க்கக் கம்பனியிடம் வலு இருக்கவேண்டும். ஸ்ரீலங்கனோ பங்குதாரருக்கு முன்னால் வரிசையில் நிற்கும் கடன்காரருக்கே கொடுக்க முடியாமல் திணறியது. அரசு பிணை நின்ற அதன் 175 மில்லியன் டொலர் கடன் பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது பணம் திருப்பிக் கொடுபடவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? வருமானத்தின் கணிசமான பகுதி ரூபாயில் வருகிறது. எரிபொருள், வாடகை, உதிரிப்பாகம் எல்லாம் டொலரில் போகின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது என்ன நடந்தது? நாட்டில் எரிபொருளே இல்லாமல், நம் விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு பறந்தன. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா தாக்குதலில் விமானங்களே எரிந்து அழிந்தன. போர், நோய், எண்ணெய் விலை, நாணய வீழ்ச்சி, இவற்றில் எது வந்தாலும் முதல் அடி விமானத் தொழிலுக்குத்தான்.

"அது அரசாங்கக் கம்பனி, தனியார் கம்பனி அப்படியில்லை" என்பார்கள். இந்தியாவைப் பாருங்கள். ஜெட் எயார்வேஸ் 2005இல் ஒரு பங்கை 1,100 இந்திய ரூபாய்க்கு விற்றது. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கம்பனியைக் கலைக்கச் சொன்னது. கடன்காரரின் கோரிக்கையே தீராத இடத்தில் சிறு பங்குதாரரை யார் தேடுவார்? விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. அதன் பங்கும் வெறும் காகிதமானது.

நன்றாக ஓடும் இண்டிகோவையே எடுத்துக்கொள்வோம். பங்கு ஒன்றுக்கு அது கொடுத்த பங்கிலாபம் 2016-17 நிதியாண்டுக்கு 34 இந்திய ரூபாய். அடுத்த வருடம் 6. அதற்கடுத்து 5. பிறகு ஐந்து நிதியாண்டுகளுக்கு ஒன்றுமே இல்லை. 2024-25க்கு 10 ரூபாய் அறிவித்தது. அப்போது ஒரு பங்கின் விலை 5,000 ரூபாய்க்கு மேல். ஒரு இலட்சம் போட்டவருக்கு வருஷத்துக்கு 200 ரூபாய்கூட வரவில்லை! பங்கின் விலை ஏறியதால் பலர் பணம் பார்த்தார்கள், அது உண்மை. ஆனால் மருந்துக்கும் மளிகைக்கும் பங்கிலாபத்தை நம்பிய வீட்டுக்கு, 34 ஆறாகி, ஆறு ஐந்தாகி, ஐந்து பூச்சியமான வருடங்களில் அடுப்பு எப்படி எரியும்?

சிங்கப்பூர் எயார்லைன்ஸ் பங்கிலாபத்துக்குப் பேர்போனது. 2022-23இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கி, பங்குக்கு 38 சதம் கொடுத்தது. ஆனால் 2020இல் பங்கிலாபத்தை நிறுத்தியதோடு, பங்குதாரரிடமே திரும்பி வந்து 8.8 பில்லியன் சிங்கப்பூர் டொலர் திரட்டியது. உலகின் தலைசிறந்த கம்பனியின் கதையே இது. ஓய்வுபெற்ற ஒருவரால் அந்த நேரத்தில் மேலும் பணம் போட முடியுமா?

இனி, இதைவிடப் பெரிய ஆபத்து. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பங்கு கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதே இல்லை. அதை விற்கும் திட்டமும் 2024 ஆட்சி மாற்றத்தின் பின் கைவிடப்பட்டது. ஆகவே "ஸ்ரீலங்கன் ஷெயார் மலிவாக வந்திருக்கு, மாதாமாதம் நிச்சய வருமானம்" என்று வாட்ஸ்அப்பிலோ வீட்டுப் படியேறியோ யார் வந்தாலும் அது மோசடி. தெரிந்தவர், சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர் என்று பார்க்காதீர்கள். அவரும் ஏமாந்தவராக இருக்கலாம். "இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் கமிஷன்" என்றால், வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்த பிரமிட் திட்டம் அது.

பங்கு வாங்கியே தீர்வேன் என்பவர்கள் இவற்றைச் செய்யுங்கள்:

• கம்பனியின் பெயர் பங்குச் சந்தைப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற தரகர் மூலம், உங்கள் பெயரிலேயே சீடிஎஸ் கணக்கு (பங்குகளைப் பதிந்து வைக்கும் கணக்கு) திறந்து மட்டும் வாங்குங்கள். தனியாள் கணக்குக்கு ஒரு சதமும் போடாதீர்கள்.

• வெளிநாட்டுப் பங்கென்றால், 2017ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு அமைய வங்கி வழியாகவே பணம் போகவேண்டும். வங்கியில் கேட்காமல் தொடாதீர்கள்.

• போன வருடப் பங்கிலாபத்தை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். பத்து வருடக் கணக்கைக் கேளுங்கள். 2020, 2021இல் என்ன கொடுத்தது என்று பாருங்கள்.

• பங்கிலாபத்தில் 15 சதவீத வரி கழிவதையும் கணக்கில் சேருங்கள்.

• நகையை ஈடு வைத்தோ கடன் வாங்கியோ பங்கு வாங்காதீர்கள். அனுமதி பெற்ற வங்கியில் உள்ள வைப்புக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. பங்குக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை.

போனாலும் குடும்பம் தாங்கும் என்ற பணமிருந்தால், விலை ஏறுமென்ற துணிவில் விமானப் பங்கு வாங்குவது உங்கள் விருப்பம். மாதச் செலவுக்கான பணத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். இன்று வீட்டில் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து, எந்தப் பணம் தொடக்கூடாத பணம் என்று பிரித்து வையுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டுப் போயிருந்தால், ரசீதையும் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு நாளைக்கே பொலிஸுக்குப் போங்கள். வெட்கப்பட்டு மூடி வைத்தால், அடுத்த லயத்தில் இன்னொரு குடும்பமும் ஏமாறும்.