காற்றுக்கு ஒதுங்கிய ஆட்டம்

கோடையில் பிற்பகல் ஆனால் ஆல்டமான்ட் கணவாயை நோக்கிக் காற்று வீசு வீசென்று வீசும். கலிபோர்னியாவின் லிவர்மோரில் அந்த நேரத்தில் வெளியே இறகுப்பந்து ஆடவே முடியாது. ஐந்து கிராம் எடையுள்ள பந்து காற்று இழுத்த பக்கம் போகும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூப்பந்து அப்படியில்லை. கம்பளி நூல் பந்து, இதைவிட ஐந்து மடங்குக்கு மேல் கனம். பக்கத்துக்கு ஐந்து பேராக மைதானத்திலேயே ஆடிவிடலாம். இங்கே கூரை வேண்டும்.

அதனால்தான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பழைய கிடங்குகள் ஆடுகளமாகியிருக்கின்றன. மரத்தளத்தின் மேல் பச்சை விரிப்பு. விளக்குகளைத் தலைக்கு மேலே மாட்டாமல் களத்தின் இருபுறமும் மாட்டியிருப்பார்கள். அண்ணாந்து பார்த்து ஸ்மாஷ் அடிப்பவரின் கண் கூசக் கூடாது. என் மகள் ஆடும் அரங்கில் போட்டி நாளன்று ஏசியைக்கூட நிறுத்திவிடுவார்கள். சட்டை நனைந்து ஒட்டினாலும் ஒருவரும் குறை சொல்வதில்லை.

ஏதோ ஆசியாக்காரர்கள் கொண்டுவந்த விளையாட்டு என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு. அமெரிக்க பேட்மிண்டன் சங்கம் 1936இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே சிகாகோவில் முதல் தேசியப் போட்டி. கலிபோர்னியாவின் பசடேனாவில் வளர்ந்த டேவ் ஃப்ரீமன் 1949இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றார். பிறகு அவர் நரம்பியல் அறுவை மருத்துவர். பெண்களுக்கான ஊபர் கோப்பையின் முதல் மூன்று போட்டிகளையும், 1957, 1960, 1963இல், அமெரிக்காவே வென்றது. அந்த அணியின் ஜூடி டெவ்லின் பத்து முறை ஆல் இங்கிலாந்து ஒற்றையர் சாம்பியன்!

1966இல் ஜப்பான் அந்தக் கோப்பையைப் பறித்தது. அதன்பின் நீண்ட வறட்சி. ஆனாலும் பள்ளி ஜிம்களில் மாலை நேரத்தில் வலை கட்டி, அட்டவணை போட்டு, ஆண்டுதோறும் போட்டி நடத்தியவர்கள் இருந்தார்கள். கோப்பைகளைவிட இவர்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வியட்நாமிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மட்டையோடு வந்த குடும்பங்களுக்குச் சேர ஓர் இடம் மிஞ்சியிருந்தது இவர்களால்தான்.

வியட்நாமில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர் ஹோவர்ட் பாக். அவருக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது அப்பா. இந்தோனேசியாவிலிருந்து வந்த டோனி குனாவனோடு சேர்ந்து 2005இல் அனஹெய்மில் அமெரிக்காவுக்கு முதல் உலகப் பட்டத்தை வாங்கித் தந்தார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர்களில் ஒருவர் சந்திரா விஜயா. 2000 ஒலிம்பிக்கில் குனாவனோடு சேர்ந்து தங்கம் வென்றவர். பாரிஸ் 2024இல் ஆடிய இரட்டைச் சகோதரிகள் ஆன்னி ஷூவும் கெர்ரி ஷூவும் இங்கே பக்கத்திலுள்ள சான் ஹோசேக்காரர்கள்.

இந்தப் பகுதியில் பல பள்ளிகளில் வசந்த காலத்தில் பேட்மிண்டன் அணி உண்டு. நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் அதுகூட இல்லை. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் பேட்மிண்டன் கேலன் சென்டரில் நடக்க இருக்கிறது. அதற்குள் சங்கம் பள்ளிகளின் கதவைத் தட்ட வேண்டும். கோடு பார்க்கவும் புள்ளி எழுதவும் ஆள் போதவில்லை என்றால் எங்கள் ஊர்ப் பெற்றோர் வருவோம்.